சுவருக்கு அந்தப் பக்கம் போன பந்து

எங்கள் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி என்றால் இன்றைக்கும் ஆட்கள் மூன்று பேரைத்தான் சொல்வார்கள். வளையத்தடியில் நிற்கிற சென்டர், கேப்டன், பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு. நான் அந்த மூவரில் ஒருவன் இல்லை. பாயிண்ட் கார்டு களைத்துப் போனால் அவனுக்குப் பதிலாக இறங்குகிறவன். அவன் களைப்பதே அபூர்வம். அதனால் ஆட்டத்தின் பெரும்பகுதியை நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

சென்டர் ஆம்பூர்க்காரன். வகுப்பறைக்குள் குனிந்துதான் நுழைவான். கைகள் அந்த உயரத்துக்கும் பொருந்தாத நீளம். எதிரணிக்காரன் எவ்வளவு எம்பிப் போட்டாலும் எங்கிருந்தோ அவன் கை வந்து பந்தை அறையும். அறைந்த பந்து ஆடுகளமான கோட்டுக்குள் விழாது. எங்காவது பறந்து போகும். வெளியூர் ஆட்டங்களில் அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும்.

கேப்டன் சத்துவாச்சாரிப் பையன். தூரத்திலிருந்து போடுவதில் அவனை மிஞ்ச எங்கள் மண்டலத்தில் ஆள் இல்லை. பந்து கையை விட்டதும் அது உள்ளே விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் திரும்பி ஓடுவான். பாயிண்ட் கார்டு வாணியம்பாடி. வீட்டில் உருது, கோட்டில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எங்களில் குள்ளம் அவன்தான், வேகமும் அவன்தான். பயிற்சியில் பந்தை எனக்குக் கொடுக்கும்போதெல்லாம் "பேஜார் ஆவாத தோஸ்த், நிதானமா ஆடு" என்பான். பதற்றப்படுகிறவன் நான் என்று அவனுக்குத் தெரியும்.

எங்கள் கோட்டின் ஒரு பக்கம் கல்லூரிச் சுற்றுச்சுவர். அதற்கு அந்தப் பக்கம் பல வருஷங்களாக மூடிக் கிடந்த ஒரு டேனரி, தோல் பதனிடும் இடம். கூரைத் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் இன்னும் நாற்றம் வரும். நாங்கள் எல்லாரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். யாருக்கும் அது புதிதில்லை. பந்து அங்கே போய் விழுவதும் புதிதில்லை. பாயிண்ட் கார்டு ஒரே தாவில் சுவர் ஏறிக் குதித்து, பந்தை இந்தப் பக்கம் எறிந்துவிட்டு, பின்னாலேயே வந்துவிடுவான்.

மண்டலப் போட்டிக்கு முந்தைய வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி. முந்தின நாள் நல்ல மழை. கோட்டில் தேங்கி நின்ற தண்ணீரை நாங்களே துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடினோம். பி.டி. சார் விளையாட்டு அறையில் வலை தைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் போட்ட ஒரு பந்தை சென்டர் எம்பி அறைந்தான். அது சுவருக்கு மேலே எழுந்து அந்தப் பக்கம் போயிற்று. எல்லாரும் சிரித்தோம். பாயிண்ட் கார்டு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சுவரில் ஏறினான்.

"எங்கடா போச்சி?" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கேட்டது. பிறகு, "தோ, ஒரு குழியில கீது. இரு."

நாங்கள் தண்ணீர் குடித்தோம். கேப்டன் ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான். பந்து வரவில்லை.

"இன்னாடா பண்ற அங்க?" என்று கேப்டன் கத்தினான். பதில் இல்லை. ஒளிந்துகொண்டு விளையாடுகிறான் என்றுதான் நினைத்தோம். அவன் அப்படிச் செய்கிறவன்தான். சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் நான். ஏறிப் பார்த்தேன். புதர், உடைந்த தொட்டிகள், தரையில் பதித்த கல் பலகைகள். ஆளைக் காணவில்லை.

குதித்து உள்ளே நடந்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. கல் பலகைகளில் ஒன்று உடைந்து, அங்கே ஒரு ஆள் நுழைகிற அளவுக்குக் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. அதை நோக்கிப் போகப் போக நாற்றம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் சுத்தமாக இல்லாமல் போயிற்று. அப்பாடா என்று இருந்தது. கண் மட்டும் எரிந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன்.

அவன் உள்ளே இருந்தான். குழியின் சுவரில் பதித்த இரும்புப் படிகளில் இறங்கியிருக்கிறான். ஒரு கை படிக்குள் முழங்கை வரை மாட்டிக்கொண்டு, தலை மார்பில் தொங்க, துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தான். அவன் கால்களுக்குக் கீழே கறுப்புச் சேறு. அதன் மேல் பந்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பந்தைக் காலால் இழுக்கப் பார்த்திருக்கிறான். அது அசைந்த இடத்தில் சேற்றின் மேலேடு உடைந்து கொப்புளம் கொப்புளமாக வந்துகொண்டிருந்தது.

அவனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தலை சுற்றியது.

"பின்னால வா! டேய், பின்னால வாடா!"

சென்டரின் குரல். அவன் சுவர் மேல் உட்கார்ந்திருந்தான். அப்படி ஒரு குரலை அவனிடம் அதற்கு முன் கேட்டதில்லை. பெண்பிள்ளை அலறுவது மாதிரி இருந்தது. என் கால்கள் தாமாகப் பின்னால் வந்தன. நாலைந்து எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டேன். விரலை நீட்டிக் குழியைக் காட்டினேன்.

கேப்டன் சுவரிலிருந்து குதித்த வேகத்தில் குழிக்கு ஓடினான். அவனும் பாயிண்ட் கார்டும் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே ஒன்றாக ஆடுகிறவர்கள். ஒரு தட்டில் சாப்பிடுகிறவர்கள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு காலை முதல் படியில் வைத்துவிட்டான். சென்டர் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கித் தரையில் அறைந்தான்.

"எறங்காதடா! எறங்குனா நீயும் வரமாட்ட!"

"உடுடா! அவன் செத்துனு இருக்கான்டா!"

"கேஸுடா அது! எங்க சித்தப்பா இப்டிதான் போனாரு. அவர எடுக்கப் போனாங்களே, அவங்களும் வரல!"

கேப்டன் அவனை உதைத்தான், கடித்தான். சென்டர் அவன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அழுதான். அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நண்பன் கை எட்டும் தூரத்தில் செத்துக்கொண்டிருக்கிறான். நாங்கள் இறங்கக் கூடாது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எனக்கு எத்தனையோ பயங்கள் வந்திருக்கின்றன. அந்தச் சில நொடிகளைப் போல ஒன்று வந்ததில்லை. ஓடிவிட வேண்டும் போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் இல்லாமல் போய்விடும் போலவும் இருந்தது.

அதற்குள் அணியில் மற்றவர்களும் குதித்து வந்துவிட்டார்கள். ஒருவன் பி.டி. சாரைக் கூப்பிட ஓடினான். சென்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்துப் பேசினான். பல்லெல்லாம் தந்தி அடித்தது.

"நான் படுத்துனு கை உட்றேன். மூச்ச அடக்கிக்குவேன். நீங்க கால புடிச்சிக்கோங்க. யாரும் குழி வாய்க்கு வரக் கூடாது. நான் கால ஆட்டுனா இழுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆட்டாட்டியும் இழுங்க" என்றான்.

தூரமாக நின்று சில தடவை ஆழமாக மூச்சு இழுத்தான். ஓடி வந்து குப்புற விழுந்து, தலையும் தோளும் குழிக்குள் போக, கையை விட்டான். அவனுடைய வலது காலைக் கேப்டனும் இடது காலை நானும் பிடித்திருந்தோம். என் பின்னால் இன்னொருவன் என் இடுப்பைப் பிடித்திருந்தான். சென்டரின் கெண்டைக்கால் என் கைக்குள் துடித்தது. ஆட்டுகிறானா, துடிக்கிறதா என்று தெரியவில்லை. இழுத்தோம்.

வெறும் கையோடு வந்தான். கையில் ஜெர்சியின் கிழிந்த துண்டு இருந்தது. கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. தூரப் போய் வாந்தி எடுத்தான். "கை மாட்டினு கீது. படில மாட்டினு கீது. வர மாட்டேங்குது" என்றான். போதும், ஃபயர் சர்வீஸ் வரட்டும் என்று ஒருவன் சொன்னான். யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நானாகக்கூட இருந்திருக்கலாம். சென்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் தூரப் போய் மூச்சு இழுத்தான்.

இரண்டாவது தடவை அவன் இடுப்பு வரை உள்ளே போனான். அவனுடைய முழு எடையும் எங்கள் கைகளில். கல் பலகை அவன் வயிற்றுக்குக் கீழே கிறீச்சிட்டது. அதுவும் உடைந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். விட்டுவிடுவேனோ என்று நினைத்தேன். கை வியர்வையில் வழுக்கியது. அப்போது அவன் கால் ஆடவே இல்லை. கேப்டன்தான் "இழு!" என்று அலறினான்.

இழுத்தபோது பாரம் இரட்டிப்பாக இருந்தது. சென்டரின் தலை வந்தது, தோள் வந்தது. நீட்டிய அந்த நீளக் கை வந்தது. அதன் முடிவில், மணிக்கட்டைப் பிடித்த பிடியில், பாயிண்ட் கார்டு வந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது. இருவரையும் இழுத்துக்கொண்டு காற்று வருகிற பக்கமாக ஓடினோம். சென்டரின் விரல்கள் அந்த மணிக்கட்டை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தோம். அவனுக்கே அரை நினைவுதான்.

பாயிண்ட் கார்டுக்கு மூச்சு இல்லை.

கேப்டன் ஒரு முதலுதவி முகாமில் கற்றுக்கொண்டதை அன்று செய்தான். இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சில் வைத்து அமுக்கினான். அமுக்க அமுக்க வாயால் எண்ணினான். எண்கள் தப்பின. தப்பத் தப்ப மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். பி.டி. சார் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிவிட்டு, டேனரியின் சாலைப் பக்கத்து கேட்டின் துருப்பிடித்த பூட்டைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் உள்ளே வர வேறு வழி இல்லை. அந்த அடியின் ஓசையும் கேப்டன் எண்ணுகிற ஓசையும் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு பாயிண்ட் கார்டின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நல்ல சத்தமாக இல்லை. ஆனால் மூச்சு.

ஆம்புலன்ஸில் அவனோடு கேப்டனும் சென்டரும் போனார்கள். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் கொடுத்து, அங்கே முடியாது என்று வேலூருக்கு அனுப்பினார்கள். சாரும் நானும் பின்னால் அவர் பைக்கில் போனோம். வழியில் ஓரமாக நிறுத்தி, போனை என்னிடம் கொடுத்தார்.

"அவங்க அம்மாவுக்குச் சொல்லுப்பா. நீதான் வீட்டுக்கெல்லாம் போய்க் கீற. எனக்குச் சொல்ல வராது."

எனக்கு மட்டும் வருமா? அவனைப் போலவே அம்மி என்றுதான் நாங்கள் எல்லாரும் அவர்களைக் கூப்பிடுவோம். ஒரே மகன். அப்பா அவன் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ரம்ஜானுக்குப் போனால் நாங்கள் போதும் என்று கும்பிடுகிற வரை பரிமாறுவார்கள். போனில் அவர்கள் குரல் சாதாரணமாக இருந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அம்மி, ஒண்ணுமில்ல. ஆட்டத்துல கொஞ்சம் அடி. வேலூருக்குக் கூட்டினு போறோம்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"பேட்டா, அடின்னா அவனே பேசுவான். நீ ஏன் பேசற?"

அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், தம்பி மகனோடு காரில் வந்து இறங்கினார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. குழாய் வைத்து மெஷின்தான் மூச்சு விடுகிறது என்றார்கள். மூளைக்குக் காற்று போகாமல் எவ்வளவு நேரம் இருந்தான் என்று டாக்டர் எங்களைக் கேட்டார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னோம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நிற்போம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், எங்களை இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்காருவோம்.

சென்டருக்கும் கண்ணில் மருந்து போட்டுக் கட்டியிருந்தார்கள். கட்டை எடுத்த பிறகும் விளக்குகளைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றான். அம்மி அவன் எதிரே வந்து நின்றார்கள். நடந்ததை மற்றவர்கள் அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரு பந்துக்கா?" என்று கேட்டார்கள். "ஒரு பந்துக்கா அவன் அதுல எறங்குனான்?"

"ஆமா அம்மி" என்றான் சென்டர். "நான் அடிச்ச பந்து."

அவர்கள் அவனை அடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான். கொஞ்சம் பொறுத்து, "சாப்ட்டியா?" என்று கேட்டார்கள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

மெஷினை எடுத்த பிறகு எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். பயம் முடிந்தது என்று நினைத்துத்தான் போனோம். பாயிண்ட் கார்டு கண்ணைத் திறந்து கேப்டனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பாபா" என்றான். இறந்துபோன அப்பாவை அவன் கூப்பிடுகிற சொல் அது. கேப்டன் வெளியே வந்து சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். அடுத்து நான் உள்ளே போனேன். பாயிண்ட் கார்டு என்னை யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான். உயிரோடு வந்தவன் அவன்தானா என்ற சந்தேகம் அன்றைக்கு எங்களுக்கு வந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பொறுங்க, வருவான்" என்றார் டாக்டர். வந்தான். மெதுவாக வந்தான். முதலில் அம்மியை அடையாளம் தெரிந்தது, பிறகு கேப்டனை, பிறகு எங்களை. சொற்கள் சில மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. தண்ணீர் என்று சொல்ல நினைத்து ஜன்னல் என்பான். தேநீர் டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கிச் சிந்தும். ஒரு கையில் பந்தை வைத்துக்கொண்டு அடுத்த கையில் போன் பேசிக்கொண்டே கோட்டைச் சுற்றி வந்தவனின் கை அது.

மண்டலப் போட்டியில் ஆட வேண்டாம் என்றுதான் சார் சொன்னார். கேப்டன் ஆடியே ஆக வேண்டும் என்றான். சென்டருக்குக் கண் சரியாகவில்லை, அதனால் பெஞ்சில் உட்கார்ந்தான். பாயிண்ட் கார்டாக நான் இறங்கினேன். நான் ஆசைப்பட்ட இடம்தான் அது. இப்படிக் கிடைத்தது. பந்தைத் தட்டும்போதெல்லாம் வழுக்குகிற கெண்டைக்கால்தான் கையில் தெரிந்தது. கேப்டன் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. ஆனால் அவன் ஒருவன் போட்டு என்ன? தோற்றோம். அழக்கூட யாருக்கும் தெம்பில்லை. பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம்.

அந்தக் குழியை மண் போட்டு மூடினார்கள். சுவரை உயர்த்தி, அதன் மேல் வலை கட்டினார்கள். அடுத்த வருஷம் பாயிண்ட் கார்டு ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து நின்றபோது சார் முகம் வெளுத்துப் போயிற்று. உள்ளே விடவில்லை. ஸ்கோர் மேசையில் உட்கார வைத்தார். அவன் கெஞ்சிக் கெஞ்சி, நாங்கள் வெகுவாக முன்னிலையில் இருந்த ஒரு ஆட்டத்தின் கடைசியில் இறங்கினான். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பார்க்க வந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எதிரணிப் பையன் ஒருவன் மோதியதில் பாயிண்ட் கார்டு கீழே விழுந்தான். சென்டரும் கேப்டனும் நானும் ஆளுக்கொரு பக்கமிருந்து பாய்ந்து ஓடினோம். அவன் மட்டும்தான் சிரித்தான். "இன்னாடா, எல்லாம் என் மேல வந்து வுழறீங்க?" என்றான்.

இப்போது அவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. களைத்தால் சொற்கள் இன்னும் மாறிப் போகும். அவன் மனைவி திருத்துவாள். கேப்டன் வேலூரில் ஒரு பள்ளியில் பி.டி. சார். சென்டர் மாநில அணிக்கு ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கி, சென்னையில் இருக்கிறான். கல்லூரி வராந்தாச் சுவரில் மூன்று பேர் படமும் மாட்டியிருக்கிறது. படத்துக்குக் கீழே அவர்கள் வாங்கிய கோப்பைகளைப் போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. போன மழைக்காலத்தில் ஆம்பூர் சர்வீஸ் ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து வைத்து, ஒருவர் இடுப்பு வரை இறங்கியிருந்தார். மேலே ஒரு மேஸ்திரி குடை பிடித்துக்கொண்டு நின்றார். வண்டியை நட்டநடுவில் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஏறுங்க! மேல ஏறுங்கண்ணே! கேஸ் இருக்கும்!"

"இன்னா சார், தெனம் எறங்கறதுதான்" என்றார் மேஸ்திரி. "நாத்தமே இல்ல பாருங்க."

நாற்றமே இல்லை என்று அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அந்தக் கேஸ் கூடினால் முதலில் மூக்குதான் மரத்துப் போகும் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. கத்தினேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இறங்கியிருந்தவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். மேஸ்திரி என்னைத் தள்ளிவிட வந்தார். நான் போனை எடுத்து சென்டரைக் கூப்பிட்டேன். ஏன் அவனைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் அவன் குரல் மாறியது.

"அங்கியே நில்லு. அவரு ஏற வரைக்கும் நகராத. போன மேஸ்திரி கிட்ட குடு."

மேஸ்திரி போனைக் காதில் வைத்துக் கேட்டார். சென்டர் அவரிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி குடையை மடக்கினார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, குழிக்குள் இருந்தவரிடம் கையை நீட்டி, "ஏறி வாய்யா, மெஷின் வண்டி வரட்டும்" என்றார்.

அவர் ஏறி வந்து சாலையோரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். அரை நாள் கூலி போச்சு என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்தேன். கால் நடுங்கியதில் கிக்கர் அடிக்க முடியவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.